சாராயக்கடை வரிசையில் அம்மா

எங்கள் தெருவில் பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளைகள் காலி பாட்டிலோடு போவதை யாரும் ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய்க்குப் போகிற பிள்ளையும் சாராயத்துக்குப் போகிற பிள்ளையும் ஒரே மாதிரிதான் போகும், ஒரே மாதிரிதான் திரும்பி வரும். எழுபதுகளின் நடுப்பகுதி அது. பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் மில் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த ஒரு தெருவில் எங்கள் ஓட்டு வீடு இருந்தது. எல்லை தாண்டினால் தமிழ்நாடு, அந்தப் பக்கம் மதுவிலக்கு. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களை நாங்கள் தினமும் பார்த்தோம். எங்கள் ஊரில் குடி என்பது பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே மறைத்துச் செய்கிற காரியமாக இருந்ததில்லை.

அப்பா மில்லில் நெசவுப் பிரிவு. முதல் ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் வருவார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்து, வேட்டி மாற்றி, கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து, “தொண்டையில பஞ்சு நிக்கிது, கழுவுனாத்தான் எறங்கும்” என்பார். அதுதான் எங்களுக்கு உத்தரவு. மில்லில் வேலை செய்த எல்லோருமே இதை நம்பினார்கள். சாராயம் ஒரு மருந்து மாதிரி, பஞ்சைக் கரைக்கும் என்று. அப்பா ஒரு டம்ளருக்கு மேல் போனதில்லை. அடித்ததில்லை, கத்தியதில்லை. அந்த டம்ளர் பாதி இறங்கியதும் மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுவார், சூப்பிரண்டு பாதி பிரெஞ்சிலும் பாதித் தமிழிலும் திட்டுவதைத் திட்டிக் காட்டுவார். அம்மா அடுப்பங்கரையிலிருந்தே சிரிப்பாள். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்து அப்பாவை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சின்ன வயதில் நான்தான் வாங்கிக்கொண்டு வருவேன். நான் வயதுக்கு வந்ததும், “பொட்டப் புள்ள அந்தப் பக்கம் போவக் கூடாது” என்று அம்மா நிறுத்திவிட்டாள். அந்த வேலை தம்பிக்குப் போனது. பெண் பிள்ளை போகக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆண் பிள்ளை போகலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. அவனும் சந்தோஷமாகத்தான் போனான். தெருவில் அவன் வயதுப் பையன்கள் இன்னும் மூன்று பேர். நாலு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு, பாட்டில்களை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு போவார்கள்.

தம்பி எட்டாவது படித்த வருஷம் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சரக்கில் காரம் இல்லை என்றார். முதலில் தன் நாக்குதான் மரத்துப் போய்விட்டதோ என்று நினைத்தார். பிறகு அம்மாவைக் குடித்துப் பார்க்கச் சொன்னார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், பாதி குடித்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்கே போய்விட்டார். திரும்பி வந்து நடந்ததை எங்களிடம் நடித்தே காட்டினார். கடைக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய, அதிர்ந்து பேசாத மனிதர். அப்பா எல்லார் முன்னாலும், “தண்ணி கலக்குறியே, உனக்கு அடுக்குமா” என்று கேட்டிருக்கிறார். அவர் கோபப்படவில்லையாம். தானே ஒரு கிளாஸில் ஊற்றி அப்பாவிடம் நீட்டினாராம். குடித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்ததாம்.

“என் கடையில கலப்பு கெடையாதுண்ணே. வழியில எங்கனா கலக்குதோ என்னாவோ” என்றாராம்.

வழியில் எப்படிக் கலக்கும் என்று அப்பா எங்களைக் கேட்டுச் சிரித்தார். தம்பியும் சிரித்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு புகாரோடு வந்தாள். அவர்கள் கொய்யா மரத்தில் கைக்கு எட்டுகிற கிளைகளில் ஒரு இலை நிற்பதில்லையாம். ஆடு மேய்கிறது என்று அம்மா சமாதானம் சொல்லி அனுப்பினாள். தம்பியின் சட்டைப் பையைத் துவைக்கும்போது கசங்கிய கொய்யா இலைகள் வந்தன. கேட்டதற்கு வயிற்று வலிக்கு மென்றேன் என்றான். கொய்யா இலை வயிற்றுக்கு நல்லதுதானே என்று நான்கூட நினைத்தேன். சாராய வாடையை அது அமுக்கும் என்பது எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியின் கணக்கு வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். காரைக்கால்காரர். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. மீசைகூட அப்போதுதான் கறுத்துக்கொண்டிருந்தது. வாத்தியார் வீடு தேடி வருவது அந்தத் தெருவில் நடக்காத காரியம். அம்மா பதறிப் போய், ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, காபி போட்டுக் கொடுத்தாள். அவர் காபியைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். மில்லில் எத்தனை ஷிப்டு என்று அப்பாவைக் கேட்டார். ஓட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார். அவர் வந்ததிலிருந்து போகிற வரைக்கும் தம்பி கொல்லைப்புறத்தை விட்டு வரவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அன்றும் காபி, அன்றும் ஷிப்டுப் பேச்சு. எழுந்து போய் சைக்கிளைத் தள்ளத் தொடங்கிய பிறகு அம்மா பின்னாலேயே தெருவுக்குப் போனாள். நானும் வாசற்படியில் நின்றேன்.

“சார், நீங்க காபி குடிக்கவா இம்மாந்தூரம் வரீங்க. எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நான் பெத்த புள்ளதான” என்றாள்.

அவர் சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். “குடிக்கிறாம்மா” என்றார். சொல்லிவிட்டு அவரே குற்றம் செய்தவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா அவரை மறுபடியும் உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தாள். அவர் விவரமாகச் சொன்னது இதுதான். சாயங்காலம் பாட்டில் வாங்கப் போகிற நாலு பையன்களும் வழியிலேயே ஆளுக்குக் கொஞ்சம் ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக்கொள்வார்கள். குறைந்ததைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து நிரப்பிவிடுவார்கள். குப்பி மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வரும். மதிய இடைவேளையில் மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற மதில் ஓரம் அது கை மாறும். கடைசிப் பீரியடில் பையன்கள் தூங்கி விழுவதைப் பார்த்து ஒரு நாள் அவரே பின்னால் போய்க் கண்டுபிடித்திருக்கிறார். ஹெட்மாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நாலு பேருக்கும் டீசி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். “ஸ்கூல விட்டு அனுப்பிட்டா எங்க போவாங்க? நேரா அங்கதான் போவாங்க” என்றார்.

அப்பாவுக்கு எல்லாம் விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் ஆணியில் மாட்டியிருந்த பெல்ட்டை எடுத்தார். அதுவரை அவர் எங்கள் மேல் கை வைத்ததே இல்லை. வாத்தியார் எழுந்து நின்றார். அம்மாதான் கொல்லைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அவன எதுக்கு அடிக்கிறீங்க? அவனாவா போனான்? நாமதான பாட்டில குடுத்து அனுப்புனோம்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அப்பாவின் கை அப்படியே இறங்கிவிட்டது. பெல்ட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம் அம்மா தம்பிக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பித்தது என்று கேட்டாள். பாட்டிலின் தக்கை சரியாக மூடாமல் ஒரு நாள் கையில் வழிந்ததாம். நக்கிப் பார்த்தானாம். “மொதல்ல எரிஞ்சிதும்மா. அப்பறம் எரியல” என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அம்மா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா குளிக்கப் போயிருந்தபோது அம்மா புதுப் புடவை ஒன்றை எடுத்துக் கட்டினாள். நெற்றியில் குங்குமத்தைச் சரி செய்துகொண்டாள். கோயிலுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மாடத்திலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து, “நீயும் வா. தனியாப் போனா ஒரு மாதிரியா இருக்கும்” என்றாள்.

கடை எங்கள் தெருமுனையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்தது. கம்பி வைத்த ஜன்னல், அதன் முன்னால் ஆண்களின் வரிசை. பக்கத்தில் சுண்டலும் வறுத்த மீனும் விற்கிற தட்டுகள். அம்மா வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முதலில் எங்களுக்கு முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்கு முன்னால் இருந்தவர். பேச்சு ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் மீன் பொரிகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்பாவோடு மில்லில் வேலை செய்கிற ஒருவர் வரிசையை விட்டு வந்து, பாட்டிலைத் தன்னிடம் கொடுக்கும்படியும், தானே வாங்கித் தருவதாகவும் சொன்னார். அம்மா மாட்டேன் என்றாள். வழிவிட்டவர்களிடமும், நீங்கள் முதலில் வந்தவர்கள், நீங்களே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டாள். சிலர் வாங்காமலேயே நழுவிப் போனார்கள்.

கடைக்காரர் ஜன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “நீங்க எதுக்குக்கா இங்கலாம் வந்துகினு? புள்ளய அனுப்பக் கூடாதா?”

“புள்ளய அனுப்புனதாலதான் இங்க வந்து நிக்கிறேன்” என்றாள் அம்மா. “ஊட்டுக்காரருக்கு வேணும். புள்ளைக்கு வேணாம். அப்போ நான்தான வரணும்.”

அவர் பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். பாதி வழியில் அம்மாவின் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரிச் சில்லென்று இருந்தது. கடையில் ஒரு துளியும் நடுங்காதவள் தெருக்குழாய் அருகில் வந்ததும் அதன் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் பிடித்து முகத்தைக் கழுவிக்கொண்ட பிறகுதான் எழுந்தாள்.

அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். தம்பி வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அம்மாவையும் பாட்டிலையும் பார்த்தார். அம்மா எப்போதும் போல டம்ளரைக் கழுவி அவர் முன்னால் வைத்தாள். “நீயா போன?” என்று மட்டும் கேட்டார். அம்மா ஆமாம் என்றாள். அவர் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. மேஸ்திரியும் அன்று வரவில்லை, சூப்பிரண்டும் வரவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அடுத்த நாள் சாயங்காலமும் அம்மா அதே புடவையைக் கட்டிக்கொண்டு, முதல் நாள் சரக்கைக் கொல்லையில் கொட்டிவிட்டுக் காலிப் பாட்டிலை எடுத்தபோது, ஈரத் தலையோடு ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார்.

“குடு. நானே போறேன்.”

“போறதுன்னா அங்கயே குடிச்சிட்டு வாங்க. ஊட்டுக்குள்ள பாட்டிலு வர வேணாம்” என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டம் ஆனது. தினமும் நடந்து போய் நின்று குடிக்க அவருக்கே சலிப்பாக இருந்தது. மழை நாளில் போகமாட்டார். மில்லில் அதிக வேலையென்றால் போகமாட்டார். மெல்ல மெல்லக் குறைந்தது. விடவில்லை, குறைந்தது.

தெருவில் முதலில் அம்மாவைக் கேலி செய்தார்கள். புருஷனுக்கு இப்படி ஒரு பணிவிடையா என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேச்சு. வாத்தியார் மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொன்ன பிறகு கேலி நின்றது. அந்த வீடுகளிலும் அவர் முதல் தடவை காபி மட்டும் குடித்துவிட்டுத்தான் வந்தாராம். ஒரு சாயங்காலம் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு பாட்டிலோடு அந்த வரிசையில் போய் நின்றார்கள். சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் யாரும் ஜன்னலை நெருங்கவில்லை. கடைக்காரர் வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டு, இனிமேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் யார் வந்தாலும் ஊற்ற மாட்டேன், நீங்கள் வராமல் இருந்தால் போதும் என்றார். சொன்ன சொல்லை அந்த மனிதர் காப்பாற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் விஷயம் எப்படியோ ஹெட்மாஸ்டர் காதுக்குப் போனது. டீசி எழுதத்தான் இருந்தாராம். எங்கள் வாத்தியார் அவர் அறைக்குப் போய், சரளமாகப் பேசத் தெரியாத அந்த வாயால் என்ன பேசினாரோ, பையன்களைத் தன் பொறுப்பில் விடும்படி கேட்டு வாங்கிவிட்டார். அதற்குப் பதிலாகச் சாயங்காலம் பள்ளிக்கூடக் கூடத்தைத் திறந்து வைத்துக் கணக்குச் சொல்லித் தருவது என்று ஏற்பாடு. கணக்குக்கு யாரும் வரவில்லை. பிறகு ஒரு கேரம் போர்டு வாங்கி வந்து போட்டார். அதற்கு வந்தார்கள். எந்த நேரத்தில் முன்பு பாட்டிலோடு போவார்களோ அந்த நேரத்தில் கேரம். வாத்தியாருக்குக் கேரம் சுத்தமாக வராது. அவர் அடிக்கிற ஸ்ட்ரைக்கர் எதிர்ப்பக்கத்துக் குழியில் போய் விழும். பையன்களுக்கு அவரைத் தோற்கடிப்பதில் இருந்த ஆனந்தத்தை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் ஷிப்டு முடிந்த அப்பாக்களும் பிள்ளையைக் கூப்பிட வருகிற சாக்கில் வந்து நின்று, பிறகு உட்கார்ந்து, பிறகு விளையாடத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் நடந்ததால் தம்பி சரியாகிவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த மாதங்களில் அவன் ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தான். தலைவலி என்று சுருண்டு படுப்பான். அம்மாவிடம் பேசுவான், என்னிடம் பேசுவான். அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டான். “அவுரு மட்டும் குடிக்கலாமா?” என்று ஒரு நாள் என்னிடம் கேட்டான்.

ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்கு நாங்கள் குடும்பத்தோடு போவது வழக்கம். அந்த வருஷமும் போனோம். தேர் கிளம்பிய நெரிசலில் தம்பி காணாமல் போனான். அம்மாவைக் கோயில் பக்கத்திலேயே நிற்க வைத்துவிட்டு அப்பாவும் நானும் தேடினோம். கடைவீதி முழுக்கத் தேடிவிட்டுக் கடற்கரைக்கு வந்தால், கரையேற்றி வைத்திருந்த ஒரு கட்டுமரத்தின் ஓரத்தில் தம்பி கிடந்தான். சட்டையெல்லாம் ஈரம், வாயெல்லாம் மணல். பக்கத்தில் மீன்கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்து, முந்தானையால் அவன் முகத்தில் வெயில் படாமல் மறைத்துக்கொண்டிருந்தாள். வாடை எங்களுக்குத் தூரத்திலேயே வந்துவிட்டது.

“உங்க புள்ளையா?” என்று அப்பாவைக் கேட்டாள். “கூட வந்த பசங்க இந்த நெலமையில கடல்ல குளிக்க எறக்கப் பாத்தானுங்க. நான்தான் உடல. புடிச்சிகினு உக்காந்துட்டேன்.” மீனை விற்கப் போகாமல் அவள் எத்தனை நேரம் அங்கே இருந்தாளோ தெரியாது. அப்பா அவள் காலைத் தொடப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டு, புள்ளையப் பாரு என்று அதட்டினாள்.

அப்பா மணலில் உட்கார்ந்து தம்பியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கடல் அன்று நல்ல கொந்தளிப்பு. அந்த அலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். தம்பி கண்ணைத் திறந்ததும், அடிப்பார் என்று நினைத்துக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். அப்பா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

“தப்பு என்னுது தம்பி” என்றார். “உன் வயசுலதான் நானும் மில்லுக்குப் போனேன். பஞ்சு எறங்கும்னு ஒருத்தன் ஊத்திக் குடுத்தான். பஞ்சு எறங்கல, இதுதான் ஒட்டிகிச்சி. என்னால முழுசா உட முடியல, பாக்குறல்ல. உனக்கு ஒட்டுறதுக்கு முன்னாடி வந்துடு. நான் கூட இருக்கேன்.”

தம்பி அவர் மடியிலேயே வாந்தி எடுத்தான். அப்பா கடலில் இறங்கித் துணியை அலசிக்கொண்டு வந்தார். மீன்கார அம்மாள் எங்கிருந்தோ ஒரு சொம்பு மோர் வாங்கி வந்து, குடிக்கிற வரைக்கும் விடவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் தம்பி அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கினான். அவர் இறங்குகிற வரைக்கும் தோளை அசைக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவும் பிள்ளையும் பேச ஆரம்பித்தார்கள். பெரிய பேச்செல்லாம் இல்லை. சைக்கிள் செயின், மில் கதை, கேரமில் வாத்தியார் அடித்த அடி. தம்பி மறுபடியும் குடிக்கவே இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒன்றிரண்டு தடவை நடந்திருக்கலாம். ஆனால் நடந்தால் அப்பாவிடம் வந்து சொன்னான் என்பது எனக்குத் தெரியும். மறைப்பதற்கு வேலையில்லாமல் போனதும் அந்தப் பழக்கத்துக்கே அவனிடம் ஆர்வம் குறைந்துவிட்டது.

சாராயக்கடையை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். அடுத்த ஏலத்தில் கடை வேறு ஒருவர் கைக்குப் போனது. அவருக்குப் பழைய வாக்கெல்லாம் தெரியாது. பிள்ளைகள் மறுபடியும் பாட்டிலோடு போகத் தொடங்கினார்கள். அம்மா புடவை மாற்றப் போனபோது அப்பா அவளைத் தடுத்தார். இந்தத் தடவை அவரும், அவரோடு ஷிப்டில் வேலை செய்கிற சிலரும் போனார்கள். எல்லோரும் அந்தக் கடையின் வாடிக்கைக்காரர்கள்தான். பிள்ளைகளுக்கு ஊற்றினால் நாங்கள் ஒருவரும் வரமாட்டோம், வேறு கடைக்குப் போவோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஹெட்மாஸ்டரும் ஒரு நாள் வெள்ளைச் சட்டையோடு அந்த வரிசைக்கு முன்னால் போய் நின்று பேசிவிட்டு வந்தாராம். அவர் அங்கே நின்றதைப் பார்த்து, குடிக்க வந்திருக்கிறார் என்று ஊரே பேசியது. புதுக் கடைக்காரர் பிள்ளைகளுக்கு ஊற்றுவதை நிறுத்தினார், ஹெட்மாஸ்டருக்குத்தான் பல நாள் ஊருக்கு விளக்கம் சொல்லியே மாளவில்லை.

நாலு பையன்களில் மூன்று பேர் தப்பித்தார்கள். நாலாவது பையனுக்கு அம்மா இல்லை. அப்பா லாரியில் ஊர் ஊராகப் போகிறவர். வாத்தியார் எத்தனை முறை போனாலும் அந்த வீட்டுக் கதவு பூட்டியே இருந்தது. அவன் கொஞ்ச நாள் கேரம் விளையாட வந்தான், பிறகு வரவில்லை, பிறகு பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒரு முறை அவனைப் பார்த்தேன். அடையாளம் தெரியாமல் இளைத்திருந்தான். அவன்தான், “அக்கா, நல்லா இருக்கியா? அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டான். அதற்கு மறுவருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தது. அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. “அவனுக்கு நம்ம ஊட்ல ஒரு தட்டு வெச்சிருக்கணும்” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். அவள் சொன்னதில் இருக்கிற நியாயம் எனக்கு வயதாக ஆகத்தான் புரிகிறது. பெற்றவர்கள் இருக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இல்லாத பிள்ளையைத் தெரு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தம்பி எஸ்எஸ்எல்சியைத் தட்டுத் தடுமாறித் தேறினான். மின்சாரத் துறையில் வேலை கிடைத்துக் கம்பத்தில் ஏறினான். அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, ஈரல் பற்றி டாக்டர் ஒருவர் மிரட்டிய பிறகு அறவே விட்டார். பஞ்சு இருமல் மட்டும் கடைசி வரைக்கும் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் தம்பிக்குக் கல்யாணம். அப்போது பாக்கெட் சாராயம் வந்துவிட்டது. பையன்கள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த காலம். பெண் விழுப்புரம் பக்கம். பாண்டிச்சேரியில் கல்யாணம் என்றதும் பெண் வீட்டு மாமன்மார் ஒரு வேனே பிடித்து முதல் நாளே வந்து இறங்கிவிட்டார்கள். எதற்கு அவ்வளவு உற்சாகம் என்பது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் ஆனதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மண்டபத்தின் பின்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கடைசியில் மூத்த மாமா தம்பியையே தனியாக அழைத்துப் போய், ஏற்பாடு எந்தப் பக்கம் என்று நாசூக்காகக் கேட்டார்.

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, இந்தக் கல்யாணத்துல அது கெடையாது. சின்ன பசங்க நெறைய வந்திருக்காங்க. பந்தியில ரெண்டு பாயசம் போடச் சொல்லியிருக்கேன்” என்றான்.

மாமாவுக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனால் மனிதர் நல்லவர். தன் ஆட்களிடம் போய், “பாண்டிச்சேரிக்கு வந்து பாயசம் குடிச்சிட்டுப் போறது நாமளாதான் இருப்போம்” என்று சொல்லி அவரே முதலில் சிரித்தார். இதை நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்போது பெண்ணுக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். சிரித்த சிரிப்பில் பூ கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, ஊதி, மறுபடியும் வைத்துவிட்டாள்.